நாட்பட்ட நோயும் நோன்பும்

நோயுற்ற ஒருவர் நோன்பு ஏற்கலாமா என்னும் வினா புதியதன்று. நம் ஆசாரிய பெருமக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதனை ஆராய்ந்து விடை கூறியுள்ளனர். ஆனால் இன்று நம் இல்லங்களில் எழும் வினா அதனினும் சற்று வேறானது. நோய் வந்து போவதாக இல்லை, வந்து தங்கிவிடுகிறது. அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்து உண்டு. அம்மருந்தை நாள்தோறும், குறித்த வேளையில், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். இத்தகையவர் நோயாளியா, நலமுடையவரா? இவருடைய நோன்பின் எல்லை யாது? இவ்வினாவுக்கு விடை காண்பது நம் சிராவக, சிராவகியர் பலருக்கும் இன்று இன்றியமையாததாகிவிட்டது.

நம் பாட்டனார் காலத்தில் நோய் என்றால் அது பெரும்பாலும் காய்ச்சல், பேதி, அம்மை போன்றவையே. பத்து நாளிலோ ஒரு மாதத்திலோ நோய் நீங்கும். அல்லது ஆள் நீங்குவார். நோயுற்ற நாளில் நோன்பைத் தள்ளி வைத்து, உடல் தேறியபின் மீண்டும் தொடங்குவதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. இன்று நீரிழிவு, இரத்த அழுத்தம், தைராய்டுக் குறைபாடு, இதய நோய், மூட்டுவாதம் ஆகியவை ஒருவரோடு இருபது, முப்பது ஆண்டுகள் கூடவே வாழ்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர் என்றும், வயது வந்தோரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்குமேல் உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வருகின்றன. 'உடல் தேறியபின் நோன்பு' என்னும் பழைய விடை இவர்களுக்குப் பொருந்தாது. தேறும் நாள் என ஒன்று வரப்போவதில்லையே!

ஸ்ரீ சமந்தபத்திராசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சல்லேகனைக்குரிய காலத்தை வரையறுக்கும்போது, இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்னும் நான்கைக் கூறி, அவை மாற்ற முடியாதனவாய் இருத்தல் வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துள்ளார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம்மவர் அறிவர். ஆசாரியர் ஆண்ட சொல் 'பிரதீகாரம்'. எதிர்த்து நிற்கும் உபாயம் என்பது அதன் பொருள். குணமாக்குதல் வேறு, எதிர்த்து நிற்றல் வேறு. நீரிழிவு குணமாவதில்லை, ஆனால் அதற்குப் பிரதீகாரம் உண்டு. ஆகவே 'இது தீராத நோய்தானே, மருந்து எதற்கு?' என்று கூறுவோர், தீராமையையும் எதிர்க்க இயலாமையையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர். ஆசாரியர் அவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை என்பதே என் கருத்து. இக்கட்டுரையில் நான் கூறப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே அடிப்படை.

அன்றாட வாழ்வில் இம்மருந்துகள் என்ன செய்கின்றன என்பதை முதலில் காண்போம். ஒவ்வொரு மாத்திரையும் ஒரு கடிகாரத்தைத் தன்னுடன் கொண்டு வருகிறது. தைராக்சினை வெறும் வயிற்றில் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் உண்ணாதிருத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை அதற்கு நான்கு மணி நேரம் கழித்தே எடுக்கலாம். மெட்பார்மினை உணவோடு சேர்த்து உட்கொள்ளாவிடில் வயிறு கலங்கும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் எடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். இரத்தம் உறையாதிருக்க வார்பாரின் உட்கொள்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டவும் குறைக்கவும் கூடாது. மருந்தின் பக்க விளைவையே புதிய நோய் என்று எண்ணி மற்றொரு மருந்தைத் தேடுவாரும் உளர். அழுத்தத்துக்கு எனலாப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வருவதும், அம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்குவதும் மருத்துவர் அறிந்தவையே. வீட்டார் அறியாமல் இருமலுக்கு ஒரு கஷாயமும் வீக்கத்துக்கு ஓர் எண்ணெயும் தேடுகின்றனர். மூட்டு வலிக்குக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி நிவாரணி, இரத்த அழுத்தத்தைக் கூட்டிச் சிறுநீரகத்தையும் மெல்லக் கெடுக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

இக்கடிகாரங்கள் போதாவென்று, நம்மிடம் மற்றொரு கடிகாரமும் உண்டு. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை, அட்டமி, சதுர்த்தசி நாள்களில் ஏகாசனம் அல்லது உபவாசம், தசலட்சணப் பருவத்தில் பத்து நாள் நியமங்கள் ஆகிய யாவும் காலத்தைக் கொண்டு கட்டப்பட்டவை. இரண்டு கடிகாரங்களும் ஒன்றோடொன்று முரணும் இடத்தில்தான் இன்னல் விளைகிறது.

எனக்கு அத்தை முறையாகும் மூதாட்டி ஒருவர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் வாழ்ந்தார். பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. நாள்தோறும் காலையில் கிளிபென்கிளமைடு மாத்திரையைத் தவறாது உட்கொள்ளுமாறு மருத்துவர் கூறியிருந்தார். ஒரு சதுர்த்தசியன்று அவர் உபவாசம் ஏற்றார். மாத்திரை ஆகாரமன்று என்பது அவர் துணிபு. ஆகவே விடியலில் வெந்நீரோடு அதனை விழுங்கிவிட்டுச் சாமாயிகத்தில் அமர்ந்தார். பிற்பகல் மூன்று மணியளவில் உடல் வியர்த்து, நாக் குழறி, எழுந்து நின்றவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனையில் சோதித்தபோது இரத்தத்தில் சர்க்கரை 42 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்வு. ஐம்பத்து நான்குக்குக் கீழே என்றால் பேராபத்து. அந்த மாத்திரையின் ஆற்றல் நெடுநேரம் நீடிப்பதாகையால், குளுக்கோஸ் ஏற்றியபின்னும் ஓர் இரவு முழுவதும் அவரைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் கண் விழித்தவர் கேட்டார்: "நோன்பையும் விடவில்லை, மருந்தையும் விடவில்லை. நான் எதில் தவறினேன்?"

அவர் எதிலும் தவறவில்லை என்பதே இதில் உள்ள துயரம். இரண்டு கட்டளைகளையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார். ஆனால் அவ்விரண்டையும் எவரும் ஒருமுறையேனும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை. மருத்துவர் நோன்பைப் பற்றிக் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை, சொன்னால் 'அதெல்லாம் கூடாது' என்று ஒரே சொல்லில் தடுத்துவிடுவார் என அஞ்சினார். நோன்பு வழங்கியவரோ மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. இப்படி இரு பக்கமும் மௌனம் காக்கும் இல்லங்கள் நம்மிடையே எத்தனையோ!

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவு வந்தாலும் வராவிட்டாலும் அவை தூண்டிக்கொண்டேயிருக்கும். உண்ணாத நாளில் அம்மாத்திரை காலி அடுப்பின்கீழ் மூட்டிய தீயைப் போன்றது. மெட்பார்மின் அத்தன்மையதன்று, அதனை மட்டும் உட்கொள்பவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. நீருமின்றி உபவாசம் இருப்பவருக்கு அவை உடலை வறளச் செய்து, இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கக்கூடும். ஆக, 'நீரிழிவுக்காரர் நோன்பிருக்கலாமா?' என்னும் பொதுவான வினாவுக்கு விடையே இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்த நோன்பு, நீருடனா நீரின்றியா என்று கேட்டால்தான் விடை பிறக்கும். மெட்பார்மின் மட்டும் எடுக்கும் ஐம்பது வயதினர் மருத்துவரைக் கலந்து ஏகாசனம் ஏற்பது பெரும்பாலும் இயலக்கூடியதே. இருவேளை இன்சுலின் போட்டுக்கொள்ளும் எழுபது வயதினர் நீரின்றி உபவாசம் ஏற்பது உயிரோடு விளையாடுவதாகும்.

அதே வேளையில், மருந்தைத் தாமே நிறுத்திவிட்டு நோன்பிருப்பதும் வழியன்று. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர் அதனைத் திடீரென நிறுத்தினால், உடல் தானே சுரக்க வேண்டிய நீரைச் சுரக்க இயலாமல் மயங்கி விழக்கூடும். அத்தகையவருக்கு ஒரு நாள் விடுவதும் ஆபத்தே. வலிப்புக்கு மருந்து எடுப்பவர் நிறுத்தினால் வலிப்பு மீளும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் அட்டினலால், மெட்டோபிரலால் போன்றவற்றைச் சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலி பாய்ந்து வரும். இவை யாவும் 'ஒரு நாள்தானே' என்று எண்ணற்குரியன அல்ல.

இனி அறத்தின் பக்கம் வருவோம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தில், உயிர்ப் பிராணன்களைப் பிரித்தலை மட்டும் கூறி நிறுத்தவில்லை; பிரமாதம் என்னும் சோர்வுடன் கூடிய செயலால் அது நிகழ்வதையே இம்சை என்றார். கவனத்தோடு நடக்கும் முனிவரின் காலடியில் ஓர் எறும்பு அகப்படினும் அவர் கொலையாளி ஆகார். கவனமின்றி நடப்பவர் எதனையும் மிதிக்காவிடினும் குற்றமுடையவரே. இவ்விலக்கணத்தை நாம் பிறவுயிர்கள்மீது மட்டுமே பொருத்திப் பழகிவிட்டோம். நம் உடலில் உள்ள பத்துப் பிராணன்களும் பிராணன்களே அல்லவோ? தன் மருந்தின் இயல்பை அறிய முயலாமல், கேட்க வாய்ப்பிருந்தும் கேட்காமல், ஊரார் போற்றுவர் என்பதற்காகவோ சென்ற ஆண்டு செய்ததை இந்த ஆண்டு விடலாகாது என்பதற்காகவோ உடலை வருத்தினால், அது தவத்தைக் காட்டிலும் பிரமாதத்துக்கே நெருக்கமானது. கடுமையான சொல்தான், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

'வினை உதயமாகிறது, அனுபவித்தே தீர வேண்டும், மருந்து எதற்கு?' என்று வாதிடுவோர் உளர். அசாதா வேதநீயத்தின் உதயத்தால் நோய் வருகிறது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வினை பலனளிப்பது திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியவற்றைச் சார்ந்தே என்பதும் அதே ஆகமத்தின் கூற்றுத்தானே? மருந்து ஒரு திரவியம், புற நிமித்தம். வெயில் சுடுகிறது என்பதற்காக நிழலில் ஒதுங்குதல் வினைக்கு மாறானது என எவரும் கூறுவதில்லை. பசியும் வேதநீயத்தின் உதயமே. அதற்கு உணவு தேடுகிறோம். பசிக்குச் சோறு உண்பவர் நோய்க்கு மட்டும் வினையைக் காட்டி மருந்தை மறுப்பது எவ்வாறு பொருந்தும்? அன்றியும், அறிந்த வரையில், இவ்வாதத்தைத் தம் நோய்க்குக் கூறுவோரைவிட, வீட்டிலுள்ள முதிய பெண்களின் நோய்க்குக் கூறுவோரே மிகுதி. மருந்துச் செலவு என்னும் ஒன்றும் இதற்குள் ஒளிந்திருக்கிறதோ என ஐயுறுகிறேன்.

சமந்தபத்திரர் வாழ்வு பற்றி மரபு கூறும் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. முனிவராக இருந்த அவருக்குப் பஸ்மக நோய் கண்டது. எவ்வளவு உண்டாலும் பசி தணியாத நோய் அது. ஒரு வேளை, கையில் ஏந்தும் அளவே உண்ணும் முனிதர்மத்தில் இதற்குத் தீர்வு இல்லை. அவர் தம் குருவிடம் சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார். குரு மறுத்தார். அறத்துக்கு அவரால் ஆகவேண்டிய பணி மிகுதியாக உள்ளது எனக் கூறி, முனிவேடத்தைக் களைந்து, எவ்வாறேனும் நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். அவர் சிவகோடி என்னும் அரசனின் ஊரை அடைந்து, அங்கிருந்த கோயிலின் நிவேதனத்தை உண்டு நோய் நீங்கப் பெற்றார் என்பர். அவ்வூரைக் காஞ்சி என்றும் காசி என்றும் இருவகையாகக் கூறுவர். பின்னர் மீண்டும் முனிவரானார். கதையின் பிற்பகுதியில் வரும் அதிசயத்தையே நாம் விழாக்களில் விரித்துரைக்கிறோம். குரு மறுத்த அந்தக் கணத்தை விரைந்து கடந்துவிடுகிறோம். எனக்கோ அக்கணமே கதையின் உயிர். நோன்பில் உறுதிமிக்க சீடர் உயிர்விட முன்வருகிறார். நோன்பின் பொருளை அவரினும் நன்கறிந்த குரு, 'விரதத்தை இப்போது விடு, பின்னர் ஏற்றுக்கொள்' என்கிறார். மாற்ற முடியாத நோய்க்கே சல்லேகனை என்று பின்னாளில் எழுதியவரும் அதே சீடர்தான். பட்டறிந்து எழுதிய சொல்லாக அதனைக் கொள்ள எனக்கு விருப்பம்.

இவ்வளவும் கூறியதால், மருந்தே சரணம் என்று கூறுவதாக எண்ணிவிட வேண்டா. மற்றொரு பக்கமும் உண்டு. அது இன்னும் பரவலானது. 'மாத்திரை போட்டுக்கொண்டோமே' என்று ஜாங்கிரியை எடுப்பவரை எல்லாத் திருமண வீடுகளிலும் காணலாம். மாத்திரை அவருக்குப் பிரதீகாரமாக இல்லை, அனுமதிச் சீட்டாகிவிட்டது. போகோபபோக பரிமாணம் என்று நுகர்ச்சிக்கு எல்லை வகுக்கும் விரதம் நம் இல்லறத்தார்க்கு உரியது. நீரிழிவுக்கு மருத்துவர் கூறும் அளவான உணவும் அதுவும் பெரும்பாலும் ஒரே திசையில் செல்பவை. இரவுணவைப் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்ளும் நம் வழக்கமும், நேரங்கெட்ட நேரத்துப் பலகார உண்டியைத் தவிர்ப்பதால், உடலுக்கு உதவவே செய்யும். உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர்த்த நம் மூதாதையருக்குச் சர்க்கரை அளவு தெரியாது; பயன் கிட்டியது. (இன்று அதன் இடத்தை வாழைக்காய் வறுவல் பிடித்துக்கொண்டிருப்பது தனிக்கதை.)

இங்கே நம்மவர் சிறப்பாக அறிய வேண்டிய ஒன்று உண்டு. மெட்பார்மினை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவருக்கு, உடல் பி12 என்னும் உயிர்ச்சத்தை ஏற்கும் திறன் குறையக்கூடும். அமிலத்தை அடக்கும் ஒமிபிரசோல் வகையும் நெடுநாள் எடுத்தால் அவ்வாறே செய்யும். இச்சத்து தாவர உணவில் இயல்பாக இல்லை. நமக்கு அது கிடைப்பது பால், தயிர், மோர் வழியாக மட்டுமே. பாலையும் குறைத்துக்கொண்ட முதியவர், மெட்பார்மினும் ஒமிபிரசோலும் சேர்த்து எடுத்தால், கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மறதி, சோர்வு ஆகியவை வரலாம். கால் மரத்தால் 'சர்க்கரையால் வந்தது' என்பர். மறந்தால் 'வயதாகிவிட்டது' என்பர். சாதாரண இரத்தச் சோதனை ஒன்றால் கண்டறிந்து, மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யக்கூடிய குறை இது. மருந்துக்கான பி12 நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது. ஊன் தொடர்புடையது என்று அஞ்சி மறுக்க வேண்டுவதில்லை.

ஊன் தொடர்பு என்றதும் எழும் வினா மிகக் கடினமானது. 1921, 1922ஆம் ஆண்டுகளில் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் முதலானோர் இன்சுலினைக் கண்டறிந்தபோது நாய்களின்மீது சோதனை செய்தனர். பின்னர் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து அதனை வடித்தனர். எட்டு அவுன்ஸ் தூய இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன. அக்காலத்தில் நம்மவருள் நீரிழிவுற்ற குழந்தையைப் பெற்ற தாய் தந்தையர் எதிர்கொண்ட தர்மசங்கடத்தை எண்ணிப் பாருங்கள். 1982இல் நுண்ணுயிரில் மனித இன்சுலினை விளைவிக்கும் முறை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 1990களிலும் நம் நாட்டில் விலங்கு இன்சுலின் பரவலாக விற்கப்பட்டது. இன்று கடைகளில் கிடைப்பது ஏறக்குறைய முழுவதும் நுண்ணுயிர் வழி வந்ததே. நுண்ணுயிரும் உயிரே எனலாம். ஆயினும் ஓரறிவுயிர்க்கும் ஐயறிவுயிர்க்கும் இடையே வேறுபாடு காட்டியே நம் அணுவிரதம் அமைந்துள்ளது.

ஆனால் எல்லா மருந்துக்கும் இவ்விடுதலை வரவில்லை. இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் இன்றும் பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. மாத்திரைக் கூடுகளுக்கான ஜெலட்டின் மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்பு, தோலிலிருந்து வருவது. தாவர நாரிலிருந்து செய்த கூடுகளும் உண்டு. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. கூட்டுக்கு மாற்று உண்டு: அதே மருந்து பல வேளைகளில் மாத்திரை வடிவிலோ நீர்ம வடிவிலோ கிடைக்கும், கேட்டுப் பெறலாம். கேட்பது நம் கடமை. சத்து மாத்திரை, மீன் எண்ணெய்க் குளிகை போன்றவற்றில் இதனைப் பாராமல் வாங்குவது சோம்பலேயன்றி வேறில்லை. மாரடைப்புற்று அவசரப் பிரிவில் கிடப்பவருக்கு ஹெப்பாரினை மறுப்பதோ வேறு நிலை. அங்கே சங்கற்பித்துக் கொல்வார் எவருமில்லை, காக்கும் கடமை மட்டுமே உண்டு. எவ்வாறாயினும், எந்த மருந்தும் பிறவுயிரின் துன்பத்தோடு முற்றிலும் தொடர்பற்றதன்று. சோதனைக் கூடத்து எலியும் முயலும் நாயும் அதற்குப் பின்னே உள்ளன. ஆதலின், தேவையற்ற மருந்தை வாங்கி விழுங்குவதும், வாங்கியதை மேசை அறையில் காலாவதியாக விடுவதும் இம்சையின் பங்கே என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு முறை உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மருந்தை நம் சமயம் ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்துள் மருந்து இரண்டாமிடம் பெற்றது. நம் காரியாசான் தம் அறநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். ஒன்பதாம் நூற்றாண்டில் உக்கிராதித்தியர் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை ஊன், கள், தேன் ஆகியவை கலவாத மருந்துகளைக் கொண்டே இயற்றினார். மருந்தாக ஊன் தேவையில்லை என்று அரசவையில் வாதிட்டும் நிறுவினார். மருந்தைத் துறக்காமல் மருந்தைத் திருத்தியவர் அவர். பிணியுற்ற முனிவர்க்குத் தொண்டு செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதையும் நினைக. அப்படியாயின், வீட்டில் மாமியாருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகள் தன் பூசை நேரம் போயிற்றே என வருந்தக் காரணமில்லை.

நடைமுறைக்கு வருவோம். நோன்பு வாழ்நாள் முழுவதற்கும் ஏற்பது யமம், காலவரையறையோடு ஏற்பது நியமம் என நூல்கள் பிரிக்கின்றன. நாட்பட்ட நோயுடையார்க்கு நியமமே தக்கது. வடநாட்டுச் சுவேதாம்பர மரபில் பிரத்தியாக்கியானம் ஏற்கும்போதே விதிவிலக்குகளையும் சேர்த்துக் கூறும் முறை உண்டு. பொறுக்கலாகா நோயில் மனம் கலங்காதிருக்க மருந்து கொள்ளுதல் அவற்றுள் ஒன்று. நோன்பு ஏற்றபின் தேடும் விலக்கு மனத்தை உறுத்தும். ஏற்கும்போதே கூறிய விலக்கு நோன்பின் பகுதியாகிவிடும். இன்சுலின் போடுபவர் இரவு உண்ணாமை ஏற்கும்போது, சர்க்கரை தாழ்ந்தால் எந்த நேரமாயினும் குளுக்கோஸ் கொள்வேன் என்று சொல்லியே ஏற்கலாம். மூன்று சிறு கரண்டிச் சர்க்கரை, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதனை, தேவையாயின் மறுபடியும் அதே அளவு. அந்த இரவு அவர் வீட்டார் 'விரதம் போயிற்றே' என்று ஒரு சொல்லும் சொல்லலாகாது. மாலை ஐந்தரைக்கே உணவை முடிப்பவர் அதனை மருத்துவரிடம் கூறினால், மாலை இன்சுலினின் அளவையும் வகையையும் அதற்கேற்ப மாற்றித் தருவார். இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் பல இன்று ஒரு வேளைக்கு உரியனவாக உள்ளன. அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவற்றை இரவில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, பகலிலும் எடுக்கலாம். கேட்டால் கிடைக்கும் தீர்வுகள் இவை. கேளாமையால்தான் பலர் நோன்பையோ மருந்தையோ இழக்கின்றனர்.

எல்லாவற்றுக்கும் இப்படித் தீர்வு உண்டு எனக் கூறினால் அது உண்மையாகாது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவரை எண்ணுக. நீரிழிவின் நெடுவழியில் பலர் சென்று சேரும் இடம் அதுவே. அவருக்குப் பிரதீகாரம் உண்டா, இல்லையா? இயந்திரம் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. ஆகவே உண்டு எனலாம். எண்பத்திரண்டு வயதில், சுத்திகரிப்பு முடிந்த நாள் முழுவதும் சுருண்டு கிடந்து, மறுநாள் சற்று எழுந்து, அதற்கடுத்த நாள் மீண்டும் ஊசிக்குக் கை நீட்டுபவரிடம் அவ்விடையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. 1955ஆம் ஆண்டு குந்தல்கிரியில் ஆசாரிய சாந்திசாகர மகராஜ் சல்லேகனை ஏற்றபோது, கண்பார்வை மங்கி, உயிர்களை மிதியாது நடக்கும் ஈரியா சமிதியைக் காக்க இயலாமற்போனமையே காரணமாயிற்று. உயிர் வாழ்வதற்கு அல்ல, தாம் ஏற்ற அறத்தோடு வாழ்வதற்குப் பிரதீகாரம் உண்டா என்றே அவர் பார்த்தார். இல்லறத்தாருக்கு அதே அளவுகோல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது எளிதில் கூறத்தக்கதன்று. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாக்கித் தடை விதித்ததும், அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் நாம் அறிந்ததே. நீதிமன்றத்துக்கு வெளியே, அந்த எண்பத்திரண்டு வயது முதியவர் அமர்ந்திருக்கும் கட்டிலருகே, இவ்வினா இன்னும் நெருக்கமாக எழுகிறது. சுத்திகரிப்பை நிறுத்திக்கொள்ள அவர் விரும்பினால், அது சோர்வினாலா, பிள்ளைகளின் செலவை எண்ணியா, அல்லது தெளிந்த மனத்தாலா என்பதை அறிய ஒருவர் நெடுநேரம் அவரருகே அமர வேண்டும். அவருடைய மருத்துவரும், அவர் மதிக்கும் ஆசாரியரும், பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே அறையில் இருந்து பேச வேண்டும். வாயிற்படியில் நின்று எட்டிப் பார்க்கும் உறவினர், 'இன்னும் எதற்கு இந்த இயந்திரம்?' என்றோ, 'அதற்குள் விட்டுவிடுவதா?' என்றோ ஒரு சொல்லும் உதிர்க்காமல், கொண்டுவந்த இளநீர் அவருக்கு ஆகுமா எனக் கேட்டுவிட்டு உள்ளே வருவது நல்லது. பெரும்பாலும் ஆகாது, அதிலுள்ள பொட்டாசியம் அவருக்குக் கேடு.